கார்செட் வாங்குவதற்கு முன் விலாவை அளந்து பாருங்கள்

லண்டனின் வடமேற்குப் பகுதியில் வசிக்கும் 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த இவருக்கு இரண்டு குழந்தைகள். இளைய குழந்தை சிசேரியன் மூலம் பிறந்து 14 மாதங்கள் ஆகின்றன. பழைய மாளிகை ஒன்றில், 1880களின் வாழ்க்கையை அக்கால உடையணிந்து பார்வையாளர்களுக்கு விளக்கிக் காட்டும் தன்னார்வக் குழுவில் அண்மையில் சேர்ந்திருக்கிறார். ஜூன் மாதம் முதல் வார இறுதி நாட்களில் ஆறு மணி நேரம் அந்த உடையோடு நிற்கவும் நடக்கவும் வேண்டும். மேலுடையையும் பாவாடைகளையும் குழுவே தந்துவிடும். உள்ளே விறைப்பான பட்டைகள் செருகி, முதுகில் நாடாவால் இறுக்கிக் கட்டும் உள்ளாடையான கார்செட்டை மட்டும் அவரவர் உடலுக்கு ஏற்ப வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் இரண்டு வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று, இணையக் கடையில் 45 பவுண்டுக்குக் கிடைக்கும், மார்புக்குக் கீழிருந்து தொடங்கும் நீளமான ரெடிமேட் கார்செட். மற்றொன்று, அளவெடுத்துத் தைத்துத் தரும் ஒரு பெண்மணி. விலை 380 பவுண்டு, நான்கு மாதக் காத்திருப்பு, பாதித் தொகை முன்பணம். இந்த வாரமே பணம் கட்டினால்தான் ஜூனுக்குள் கைக்கு வரும். "24 அங்குலம் வாங்கி இறுக்கிக் கட்டு, வயிறு ஒரேயடியாக உள்ளே போய்விடும், அந்தக் காலத்துப் பெண்களுக்கு 18 அங்குல இடைதான்" என்பது தோழியின் யோசனை. பிள்ளை பெற்ற பிறகு வயிற்றில் துணி கட்டுவது போலத்தானே, கட்டினால் நல்லதுதான் என்கிறார் மாமி. விலா எலும்பு உடைந்துவிடும் என்று கணவர் பயப்படுகிறார். ஆறு கிலோ எடை குறைத்த பிறகு வாங்கலாமா என்று அவருக்கே ஒரு யோசனையும் இருக்கிறது. தன் அளவுகளை எழுதி அனுப்பியிருக்கிறார்: உயரம் 5 அடி 1 அங்குலம், மார்புக்குக் கீழே விலாச் சுற்றளவு 33 அங்குலம், இடை 34, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் 40. அவ்வப்போது நெஞ்செரிச்சல் வருவதையும், அறுவைத் தழும்பைச் சுற்றி இன்னும் மரத்துப்போனது போல் இருப்பதையும் கடிதத்தின் கடைசி வரியில் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நாடகங்களுக்கும் அருங்காட்சியக நிகழ்ச்சிகளுக்கும் பழங்கால உடைகளை வெட்டித் தைத்துத் தருவது என் தொழில். கார்செட் அதில் நான் அதிக காலம் செலவிட்ட பகுதி. அந்த அனுபவத்தைக் கொண்டுதான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். உடல்நலம் சார்ந்த இடங்களில், எதை மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்வேன். அதற்கு மேல் போக எனக்கு உரிமையில்லை.

உங்கள் கேள்விகள் எல்லாம் இடையின் அளவையும் விலையையும் சுற்றியே இருக்கின்றன. கார்செட் பொருந்துவதையும் பொருந்தாமல் போவதையும் முடிவு செய்பவை வேறு. விலாவின் சுற்றளவு, இடுப்பெலும்பின் சுற்றளவு, உட்கார்ந்திருக்கும்போது மார்புக்கும் மடிக்கும் இடையே உள்ள நீளம், இவற்றோடு உங்கள் வயிற்றுத் தசையின் இன்றைய நிலை. நீங்கள் கடைசி வரியில் ஒதுக்கிவைத்த விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் வயிறு

பேறுகாலத்தில் வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் விலகிப் போவது இயல்பு. பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் கூடிவிடும். சிலருக்குக் கூடாமலே இருந்துவிடும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, தலையை மட்டும் சற்றே தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமான பள்ளம் தட்டுப்பட்டால், கார்செட் பற்றி யோசிப்பதற்கு முன் பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவர் (ஜிபி) மூலம் போகலாம். இங்கிலாந்தின் பல பகுதிகளில் நீங்களே நேரடியாகவும் பதிவு செய்துகொள்ளலாம். தும்மும்போது சிறுநீர் கசிவது, மாலையில் அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம் ஆகியவை இருந்தால் அதையும் கூச்சமில்லாமல் அங்கே சொல்லுங்கள். கார்செட் வயிற்றை உள்ளே தள்ளும்போது அந்த அழுத்தம் மேலும் கீழும் போகும். கீழே அதைத் தாங்க வேண்டியது பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்திருக்கக்கூடிய இடுப்படித் தசைத்தளம்.

மேலே போகும் அழுத்தம் இரைப்பையைத் தள்ளும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இடையைச் சுற்றி இறுக்கமான ஆடை அணிய வேண்டாம் என்பது பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ் தரும் பொது அறிவுரை. உங்களுக்கு எப்போதோ வரும் எரிச்சல் என்றால் தளர்வாகக் கட்டி, குறைவாகச் சாப்பிட்டுச் சமாளிக்கலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். வாரத்தில் பல நாட்கள் வருகிறது, மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அவருடைய பதில் வேறாக இருக்கலாம். எதுவானாலும் அது அவர் வாயிலிருந்து வரட்டும்.

தழும்பின் மரத்த உணர்வைப் பற்றி ஒரு தையல்காரராக எனக்குக் கவலை இருக்கிறது. கார்செட்டின் முன்பக்கத்தைக் கொக்கி போட்டு மூடும் இரண்டு எஃகுப் பட்டைகளுக்குப் பஸ்க் என்று பெயர். அதன் கீழ்முனை வந்து நிற்கும் இடம் கிட்டத்தட்ட உங்கள் தழும்பின் இடம். மற்றவர்களுக்கு அங்கே அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் வலித்துவிடும், கழற்றிவிடுவார்கள். உங்களுக்கு அந்த எச்சரிக்கை தாமதமாகவே வரும். ஆகவே அணிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும், கழற்றியபின் கண்ணாடியில் தழும்பைப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையாத சிவந்த கோடு இருந்தால் நீளம் தவறு.

மாமியிடம் மரியாதையோடு இதைச் சொல்லுங்கள்: பேறுகாலத்துக்குப் பின் துணி கட்டுவது தளர்ந்த வயிற்றுக்கும் முதுகுக்கும் தாங்கலாக இருந்து, எழுந்து நடக்க உதவும். அந்த ஆறுதல் உண்மையானது. கொழுப்பைக் கரைப்பதோ விலகிய தசையைத் தைப்பதோ துணியாலும் ஆகாது, எஃகாலும் ஆகாது. கார்செட்டைக் கழற்றிச் சில மணி நேரத்தில் உடல் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். வயிற்றை வலுப்படுத்த வேண்டிய வேலையைத் தசைதான் செய்ய வேண்டும். இறுக்கமான கார்செட்டை நாள்தோறும் நம்பியிருந்தால் அந்த வேலை தசைக்கு இல்லாமல் போகும்.

கணவரின் பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டியவர்களின் கீழ்விலாக்கள் உள்நோக்கி வளைந்திருப்பதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படங்களில் காணலாம். வளர்ந்த பெண் வார இறுதியில் சில மணி நேரம், இரண்டு மூன்று அங்குலம் குறைத்துக் கட்டுவது அதோடு ஒப்பிடக்கூடியதல்ல. அக்காலத்தில் இடை சிறுக்க வேண்டி விலா எலும்பையே அறுத்து எடுத்தார்கள் என்று சொல்லப்படும் கதைக்கு மருத்துவச் சான்று கிடையாது.

18, 24 என்ற எண்கள்

அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய கார்செட்டுகளை அளந்தால் சிறிய எண்கள் வருவது உண்மை. ஆனால் அது பின்பக்கத்து இரண்டு விளிம்புகளும் ஒட்டும்படி மூடி அளந்த எண். அக்காலத்தில் பின்பக்க நாடாவை முழுவதும் மூடிக் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. இரண்டு, மூன்று, சில வேளை நான்கு அங்குல இடைவெளி விட்டே பலர் கட்டினார்கள். 22 அங்குலக் கார்செட்டை அணிந்தவரின் இடை 25ஆகவோ 26ஆகவோ இருந்திருக்கலாம். லெஸ்டர்ஷயரின் மார்க்கெட் ஹார்பரோ ஊரில் சிமிங்டன் நிறுவனம் கார்செட் தயாரித்த தொழிற்சாலைக் கட்டடத்திலேயே இப்போது ஹார்பரோ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த நிறுவனம் சேர்த்துவைத்த கார்செட்டுகள் மாவட்டத்தின் பொதுச் சொத்தாகப் பாதுகாக்கப்படுகின்றன. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். மெல்லியவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் பிள்ளைக்குப் பாலூட்டுபவர்களுக்கும் தனித்தனியே தைத்தார்கள் என்பது நேரில் பார்த்தால்தான் மனதில் பதியும்.

உங்கள் இடை 34. முதன்முறை அணிபவர், வயிற்று அறுவை ஆனவர், ஆறு மணி நேரம் நிற்க வேண்டியவர். இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரை குறைந்தால் போதும். அணிந்த நிலையில் உள்ளே 31 அங்குலம், பின்னால் மூன்று அங்குல இடைவெளி, ஆக மூடிய அளவு 28. தோழி சொன்ன 24 அங்குலத்தை நீங்கள் வாங்கினால் பின்னால் ஏழு அங்குலம் திறந்திருக்கும். பக்கவாட்டில் இருக்க வேண்டிய வளைவு வயிற்றின் முன்பக்கம் வந்து நிற்கும், முதுகில் நாடா மட்டும் இருக்கும். இறுக்க இறுக்கப் பட்டைகள் முறுக்கிக்கொள்ளும்.

எடை குறைத்த பிறகு வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த மூன்று அங்குல இடைவெளிதான் உடல் கூடவும் குறையவும் விடப்பட்ட இடம். ஆறு கிலோ குறைந்தால் இடைவெளி ஒன்றாகச் சுருங்கும், அவ்வளவுதான். இன்றைய உடலுக்கே தையுங்கள்.

விலாவும் உட்காரும் நீளமும்

அந்த 45 பவுண்டுக் கார்செட்டின் அளவு அட்டவணையை நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இடை 28 என்றால் விலா 34, இடுப்பெலும்பு 37, முன்பக்க நீளம் 13 என்று போட்டிருக்கிறார்கள். பின்னால் மூன்று அங்குலம் திறந்து கட்டினால் விலாவில் 37, இடுப்பெலும்பில் 40 கிடைக்கும். இடுப்பெலும்பு உங்களுக்கு மிகச் சரியாக இருக்கும். விலாவிலோ உங்கள் அளவு 33; நான்கு அங்குலம் தொளதொளவென்று நிற்கும். அதை மறைக்க மேலே நாடாவை இழுத்து மூடுவீர்கள். பின்பக்க இடைவெளி மேலே ஒட்டியும் கீழே விரிந்தும் கூரை வடிவத்தில் நிற்கும். பட்டைகள் சாய்வாக அமர்ந்து, முதுகெலும்பின் இரு பக்கமும் குத்தும்.

நன்றாகப் பொருந்திய கார்செட்டின் பின்பக்க இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்கும். நடுவில் குறுகி மேலும் கீழும் விரிந்தால், விலாவுக்கும் இடுப்புக்கும் போதிய துணி இல்லை என்று பொருள். நடுவில் விரிந்து இரு முனைகளும் ஒட்டிக்கொண்டால், முனைகளில் துணி அதிகம், அல்லது இடை அளவு உங்களுக்கு மிகச் சிறியது. வாங்கிய பிறகு யாரிடமாவது முதுகைப் படம் எடுக்கச் சொல்லி இதைப் பாருங்கள். விற்பவரின் விளக்கத்தைவிட அந்தப் படம் தெளிவாகச் சொல்லும்.

நீளத்துக்கு வருவோம். மெத்தையில்லாத கட்டை நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். மார்பின் கீழ்மடிப்பிலிருந்து மடி தொடங்கும் இடம் வரை நேராக அளவுநாடாவைப் பிடித்துப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு அது ஒன்பதரை அங்குலம் அளவில் இருக்கும் என்று நினைக்கிறேன். அளந்தே உறுதி செய்ய வேண்டும். 13 அங்குலக் கார்செட்டோடு உட்கார்ந்தால் மூன்றரை அங்குலம் எங்கே போகும்? மேலே மார்பை முட்டித் தூக்கும், கீழே தழும்பில் ஊன்றும். நின்றபடி எடுத்த விளம்பரப் படத்தில் இது ஒருபோதும் தெரியாது. உட்கார்ந்த நிலையில் பஸ்க்கின் கீழ்முனைக்கும் மடிக்கும் இடையே ஒரு விரலாவது நுழைய வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனையில் விளிம்பு அழுத்தினால் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போகும். அங்கே ஓடும் நரம்பு நசுங்குவதன் அடையாளம் அது. அந்த உணர்வு வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே தளர்த்துங்கள்.

எந்த வடிவம்

மார்புக்குக் கீழே தொடங்கும் வகை மலிவு, பிராவோடு அணியலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைய உடைக்கு அது சரி. 1880களின் மேலுடை, கார்செட்டே மார்பைத் தாங்கி நிற்கும் என்ற கணக்கில் வெட்டப்பட்டது. பிராவுக்கு மேல் அதை அணிந்தால் மார்பின் உயரம் மாறி, துணி தோளில் இழுக்கும். கார்செட்டின் மேல்விளிம்பு ஒரு வரப்பு போல வெளியே தெரியும். மார்பின் பாதிவரை ஏறும் வகைதான் உங்களுக்கு வேண்டும். அதற்கு உங்கள் முன்பக்க நீளம் பன்னிரண்டு அங்குலத்தை ஒட்டி வரும்.

அந்தப் பத்தாண்டின் கார்செட் என்றாலே கீழே கரண்டி போல அகன்று உள்நோக்கி வளைந்த பஸ்க்கைப் பலர் கேட்பார்கள். 1870களில் வந்து 1880கள் முழுவதும் ஓடிய வடிவம் அது. அடிவயிற்றை ஏந்திப் பிடிப்பது அதன் நோக்கம். உருண்ட வயிற்றுக்கு அது அழகாகவே அமரும். ஆனால் கடையில் கிடைக்கும் அந்த வகைப் பஸ்க்குகள் பெரும்பாலும் நீளமானவை. உங்கள் உயரத்துக்கு அதன் அகன்ற முனை தழும்பின் மேலேயே உட்கார வாய்ப்பு அதிகம். நான் தைப்பதாக இருந்தால் குட்டையான நேர் பஸ்க்கைப் போட்டு, வயிற்றின் உருட்சியைத் துண்டுகளின் வெட்டிலேயே கொண்டுவருவேன். வரலாற்றுக்கும் அது பிழையாகாது.

இன்னொரு வழியும் உண்டு. யாரும் உங்களிடம் சொல்லியிராதது இது. 1880களிலேயே இறுக்கமான கார்செட்டை எதிர்த்த பெண்கள் லண்டனில் இருந்தார்கள். 1881இல் தொடங்கிய அறிவார்ந்த உடைச் சங்கம், பெண்ணின் உள்ளாடைகள் எல்லாம் சேர்ந்து ஏழு பவுண்டு எடைக்கு மேல் இருக்கக் கூடாது என்று கேட்டது. அதே பத்தாண்டில் லண்டனில் யேகர் நிறுவனம் கம்பளியில் நெய்த சுகாதாரக் கார்செட்டுகளை விற்றது. பட்டைகளைக் குறைத்து, துணிக்குள் பருத்திக் கயிறுகளை வரிவரியாகச் செருகி விறைப்பு ஏற்றி, தோள்பட்டையும் முன்பக்கப் பொத்தான்களும் வைத்துத் தைத்த மெல்லிய கார்செட்டை அணிந்த ஒரு 1880களின் தாயாக நீங்கள் அந்த மாளிகையில் நின்றால், அது அக்காலத்துக்கு முழு நேர்மையானது. மேலுடையின் வடிவமும் பெருமளவு நிற்கும். பாவாடைகளின் கனம் இடைக்கயிற்றின் வழியாக வயிற்றை அறுக்காமல் அதுவே தாங்கும். பிசியோதெரபிஸ்ட் "எஃகு வேண்டாம், லேசான தாங்கல் சரி" என்று சொன்னால் இந்த வழியில் போங்கள். நெஞ்செரிச்சலை நினைக்கும்போது, அவர் எதுவும் தடை சொல்லாவிட்டாலும் முதல் ஆண்டுக்கு நான் இதைத்தான் விரும்புவேன்.

யாரிடம் தைப்பது

45 பவுண்டுக் கார்செட் உங்களுக்கு வேண்டாம். அளவு பொருந்தாதது மட்டும் காரணமில்லை. அந்த விலையில் "எஃகுப் பட்டை" என்று எழுதிவிட்டு மலிவான பிளாஸ்டிக் வைப்பது சாதாரணமாக நடக்கிறது. அது இடையில் மடிந்து, மடிந்த இடத்திலேயே நிலைத்து, விலாவில் குத்தும். ஒரே படம் பல கடைகளின் பக்கங்களில் இருந்தால் படத்திலிருக்கும் பொருள் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. எல்லாப் பிளாஸ்டிக்கும் கெடுதல் என்றும் நினைத்துவிடாதீர்கள். அக்காலத்தில் திமிங்கிலத்தின் வாய்த்தகட்டால் செய்தவற்றுக்கு மாற்றாக இன்று தரமான செயற்கைப் பட்டைகள் உண்டு. உடல் சூட்டில் மெல்ல உடலுக்கேற்ப வளையும்; பழங்கால உடை தைப்பவர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். எதைப் போடுகிறோம் என்பதைத் தைப்பவர் தயங்காமல் சொல்ல வேண்டும்.

380 பவுண்டு கேட்கும் பெண்மணியிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. மாதிரித் தைப்பு உண்டா? மலிவான, அழுத்தமான துணியில் பட்டையும் நாடாவும் வைத்து ஒருமுறை தைத்து, உங்கள் உடலில் போட்டு, உட்காரவைத்து, பென்சிலால் குறித்து, அதன் பிறகே நல்ல துணியை வெட்ட வேண்டும். நீங்கள் கொடுக்கும் 380 பவுண்டின் பெரும்பகுதி இந்த ஒரு வேலைக்குத்தான். இல்லை என்று சொன்னால் அந்த விலைக்கு நியாயமில்லை.

2. எத்தனை இடங்களில் அளவெடுப்பார்? இடை, மார்பு, இடுப்பு என்று மூன்றோடு நிறுத்துபவர் உங்களுக்கு வேண்டாம். உட்கார்ந்த நீளம், மார்பின் கீழ்மடிப்பிலிருந்து இடை வரையான உயரம், இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் தனித்தனி உயரம் ஆகியவற்றையும் அவர் கேட்க வேண்டும். குழந்தையைத் தொடர்ந்து ஒரே பக்க இடுப்பில் சுமப்பவர்கள் பலர் சற்றே ஒருபக்கம் சாய்ந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல தையல்காரர் அதைக் கண்டுபிடித்து இரண்டு பக்கமும் வேறு வேறாக வெட்டுவார்.

3. துணி எது? கூட்டீல் என்று சொல்லப்படும், மீன்முள் வரிசையில் நெருக்கி நெய்த பருத்தித் துணி இழுத்தால் எளிதில் நீளாது. மேலே பட்டு வைத்தாலும், உள்ளே சுமை தாங்கும் அடுக்கு இதுவாக இருக்க வேண்டும். இடையின் உள்ளே குறுக்கே ஓடும் ஒரு நாடாவைப் பிடித்துத் தைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். தையல் பிரியாமல் காப்பது அதுதான்.

4. பட்டைகளை எப்படி வைக்கிறார்? வளைவான பக்கங்களில், இரண்டு திசையிலும் வளையும் சுருள் எஃகு; பின்பக்கம் நாடாத் துளைகளின் இரு ஓரமும் தட்டையான எஃகு. துளைகளின் உள்பக்கம் உலோக வளையம் இல்லாவிட்டால் சில மாதங்களில் துளை பிய்ந்து வரும்.

5. உங்கள் அறுவையைப் பற்றிச் சொன்னபோது அவர் என்ன செய்தார்? தழும்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு மரத்திருக்கிறது என்று திரும்பக் கேட்டாரா, அல்லது "பயப்படாதீங்க, எல்லாரும் போடுறாங்க" என்றாரா? மற்ற நான்குக்கும் நல்ல பதில் தந்தவரானாலும், இதில் இரண்டாவது வகைப் பதில் வந்தால் நான் அவரிடம் தைக்க மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில், ஒரு நிலையான வடிவத்தை உங்கள் அளவுக்கு மாற்றித் தைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள்; விலை பாதி அளவில் வரும். விலாவுக்கும் இடைக்கும் வழக்கமான விகிதம் உள்ளவர்களுக்கு அது போதும். உங்களுக்கு விலா இடையைவிடச் சிறியது, உடல் குட்டை, தழும்பு இருக்கிறது. மாதிரித் தைப்பு இல்லாத எந்த ஏற்பாடும் உங்கள் விஷயத்தில் சூதாட்டம்தான்.

பணமும் உரிமையும்

இங்கிலாந்துச் சட்டத்தில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ரெடிமேட் பொருளை இணையத்தில் வாங்கினால், கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் அந்த உரிமையைத் தருகின்றன. உங்கள் அளவுக்கென்றே தைத்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. மனம் மாறிவிட்டது என்று திருப்பித் தர முடியாது. அதே நேரம், "அளவெடுத்துத் தைத்ததற்குப் பணம் திரும்பாது" என்று ஒருவர் எழுதிவைத்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. பொருள் தரமானதாகவும் சொன்னபடியும் இருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். ஒத்துக்கொண்ட அளவுக்கு மாறாகத் தைத்திருந்தாலோ, பட்டை துணியைக் கிழித்து வந்தாலோ, பெற்ற 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்காகவே அளவுகள், துணி, பட்டை வகை, முடிக்கும் தேதி எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையில் ஒத்துக்கொண்டதை நிரூபிப்பது கடினம்.

முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்தால், முன்பணம் மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் கார்டு நிறுவனம் விற்பவரோடு சேர்ந்து பொறுப்பாகிறது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அது. வங்கி மாற்றலில் அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் மற்ற உரிமைகள் ஏட்டில் இருக்கும், வசூலிப்பது பெரும்பாடு.

இந்த வாரம் என்ன செய்வது

முன்பணத்தை இந்த வாரம் கட்ட வேண்டாம். அந்தப் பெண்மணிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 14 மாதங்களுக்கு முன் சிசேரியன் ஆனது, நெஞ்செரிச்சல் உண்டு, பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் பதிவு செய்திருக்கிறேன், அதுவரை என் இடத்தை வைத்திருக்க முடியுமா, முடியுமென்றால் ஒரு சிறு தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு, மருத்துவர் வேண்டாமென்றால் அதைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டாலும் கோபிக்க வேண்டாம். அவருக்கும் வரிசையில் ஆட்கள் இருப்பார்கள். உங்கள் குழுவின் உடைப் பொறுப்பாளரிடம், இந்தப் பருவத்துக்கு மெல்லிய கயிற்றுக் கார்செட்டோடு வரலாமா, குழுவின் இருப்பில் அப்படி ஒன்று உண்டா என்றும் அன்றே கேட்டுவிடுங்கள். பட்டைகள் குறைவு என்பதால் அதைத் தைக்கவும் பெரும்பாலும் குறைந்த நாட்களே ஆகும். ஜூனுக்கு அது கைகொடுக்கும்.

எந்தக் கார்செட் வந்தாலும், ஜூனுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே வீட்டில் பழகுங்கள். உள்ளே பருத்தி உள்சட்டை அணிந்து, தளர்வாகக் கட்டி, முதல் சில நாட்கள் ஒரு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டுங்கள். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். முழு மூச்சு இழுக்க முடிய வேண்டும். கழற்றும்போது முதலில் பின்பக்க நாடாவை நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் முன் கொக்கிகளை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ்க் வளைந்துவிடும். மூச்சுத் திணறல், தலைசுற்றல், தொடை மரப்பு, நெஞ்செரிச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்குப் போதும். நிகழ்ச்சி நாளில் நாடாவைத் தளர்த்திவிட ஒரு தோழி பக்கத்தில் இருப்பதையும், நடுவில் அரை மணி நேரம் கழற்றி ஓய்வெடுக்க ஓர் அறை இருப்பதையும் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.